சதாவதானியும் புலமைப்பரிசிலும்: நினைவாற்றல் குறித்த ஒரு விமர்சன நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் புலமை வரலாற்றை எழுதியோர் யாவரும் ஏறக்குறைய ஒரே பண்பினை வியந்து போற்றியுள்ளனர். ஒருமுறை கேட்டதை மறவாமை, நூல் முழுவதையும் நாவில் வைத்திருத்தல், ஏடு பாராமற் பாடஞ் சொல்லல் என்பன நம் பண்டிதர் வரலாறுகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். இவ்வாற்றலுக்குக் காரணங் கூறப் புகுந்தோர் இரண்டு விடைகளையே தந்துள்ளனர். ஒரு சாரார் அதனைத் திருவருள் என்றனர். நவீன கல்வி கற்ற மற்றொரு சாரார் அதனைப் பிறவி மேதைமை என்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. அந்த ஆற்றல் எவ்வாறு கற்கப்பட்டது, எவரால் எவருக்குக் கற்பிக்கப்பட்டது என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

இவ்வினாவை மூளையியலின் அண்மைக்கால முடிவுகளோடு இணைத்து நோக்குவதே எமது முயற்சி. பழம்புலவர் பெருமை பேசுவது எமது நோக்கமன்று. நினைவே அறிவு, அது பிறப்பிலே சிலருக்கு வாய்ப்பது என்னும் கருத்து யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் இன்றும் உயிருடன் இருக்கின்றது. பத்து வயதுப் பிள்ளையை ‘கெட்டிக்காரன்’ என்றும் ‘மொக்கு’ என்றும் பிரித்துவிடும் தீர்ப்பு அதனையே ஆதாரமாகக் கொள்கின்றது.

வடமராட்சி மேலைப்புலோலியிற் பிறந்து சென்னையிற் பெயர் பெற்ற நா. கதிரைவேற்பிள்ளையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1907இல் மறைந்த அவரைத் தமிழுலகம் ‘சதாவதானி’ என்ற பட்டத்தாலேயே அறியும். அதே 1907இல், அருட்பாப் பூசலில் அவருக்கு எதிரணியில் நின்ற கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் செய்து காட்டினார். சமயத்தாலும் வழக்காலும் பிரிந்து நின்ற இருவர் ஒரே கலையிற் சிறந்து விளங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவதானம் ஒரு சமயத்தின் அருட்கொடையாக இருந்திருப்பின் இது நேர்ந்திராது.

அவதான அரங்கில் நிகழ்வது யாது? அவதானியைச் சூழ்ந்து பலர் அமர்வர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்கு வினாவுவார். ஒருவர் முதுகிற் சிறு கற்களை இடையிடையே எறிந்துகொண்டிருப்பார். மணியோசையை ஒருவர் எழுப்புவார். சதுரங்கமோ சொக்கட்டானோ ஒருபுறம் நடக்கும். வேறொருவர் ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை முறை மாற்றி ஒன்றொன்றாகக் கூறுவார். இறுதியில் அவதானி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி விடையிறுப்பார். எட்டாயின் அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், நூறாயின் சதாவதானம். பார்ப்போர் இதனை மனம் ஒரே கணத்திற் பலவாகப் பிரிந்து இயங்குவதாகக் கொள்வர். உண்மையில் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. வந்ததை உரிய இடத்தில் வைத்து, இடையீடுகளுக்கிடையே காத்து, வேண்டும்போது எடுக்கும் திறனே அங்குச் செயற்படுகின்றது.

அத்திறனின் அடிப்படையை யாப்பிலே காணலாம். நேரிசை வெண்பா பதினைந்து சீர்களைக் கொண்டது. ஒவ்வொரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலைத் தளையாற் கட்டுப்படுத்துகின்றது. எதுகை அடிகளின் இரண்டாம் எழுத்தைக் காட்டிக் கொடுக்கின்றது. மோனை முதலெழுத்தைக் காட்டுகின்றது. ஒரு சொல்லை மறந்தவன் அவ்விடத்தில் வரவியலாத சொற்களில் மிகப் பலவற்றை யாப்பின் துணைகொண்டே தள்ளிவிடலாம். வெண்பாவைப் பதினைந்து தனிச் சொற்களாக மனத்திலிருத்த வேண்டியதில்லை. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரே கட்டாகக் கொள்ளலாம். நிகண்டுகள் செய்யுளில் இயற்றப்பட்டமைக்கும், கணக்கு வாய்பாடுகள் ஓசையோடு சொல்லப்பட்டமைக்கும் காரணம் இதுவே. நம் இலக்கண ஆசிரியர் யாப்பைச் செய்யுளின் அழகாக ஆராய்ந்த அளவுக்கு அறிவைக் காக்கும் கருவியாக ஆராயவில்லை என்பது எமது குறை.

1973இல் சேஸ், சைமன் என்னும் இரு உளவியலாளர் சதுரங்க வல்லுநரைக் கொண்டு இதனையொத்த ஓர் உண்மையை நிறுவினர். உண்மையான ஆட்டத்தினின்று எடுத்த காய்நிலையைச் சில கணங்கள் காட்டியதும் வல்லுநர் அதனை மீள அமைத்தனர். காய்களை எழுந்தமானமாகப் பரப்பி வைத்தபோதோ அவர்களது நினைவு சாதாரண ஆட்டக்காரரின் நினைவுக்கு மேம்படவில்லை. ஏழு ஆண்டுகளின் பின்னர் எரிக்சனும் சேஸும் மேலும் தெளிவான ஒரு சான்றினை வெளியிட்டனர். ஒரு சாதாரணக் கல்லூரி மாணவர் இருநூற்று முப்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியின் மூலம், ஒருமுறை கேட்டு ஒப்புவிக்கும் இலக்கங்களின் தொகையை 7இலிருந்து 79 ஆக உயர்த்தினார். ஓட்டப் பந்தயத்தில் ஈடுபாடுடைய அவர் இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றியே மனத்திலிருத்தினார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தவுடன் அவரது நினைவு ஆறு எழுத்துகளுக்கு இறங்கிவிட்டது! நினைவென்னும் பொதுவான பாத்திரம் எதுவும் அவரிடம் பெருக்கவில்லை. ஒரு குறித்த பொருளை ஒழுங்குபடுத்தும் முறையொன்றே வளர்ந்திருந்தது.

மூளையைப் படம்பிடித்து நோக்கும் கருவிகள் வந்தபின் இவ்விடயம் நேராகவே ஆராயப்பட்டது. உலக நினைவாற்றற் போட்டிகளில் முன்னணியில் நின்ற பத்துப் பேரை எலனோர் மக்குவயரும் அவரது குழுவினரும் 2003இல் ஆராய்ந்தனர். பொது அறிவுத் திறனிலோ மூளையின் அமைப்பிலோ அவர்கள் பிறரினின்று வேறுபடவில்லை. நினைவிற் கொள்ளும்போது இடங்களை நினைந்து வழிகாணும் மூளைப் பகுதிகளை அவர்கள் பயன்படுத்தினர் என்பதே வேறுபாடு. பழக்கமான தெருவொன்றில் மனத்தால் நடந்து, வழியில் பொருள்களை வைத்துச் செல்லும் பழைய உத்தி அது. 2017இல் வெளிவந்த டிரெஸ்லர் குழுவினரின் ஆய்வு, முன்பயிற்சி அற்றோர்க்கு அவ்வுத்தியை ஆறு வாரங்கள் பயிற்றியபோது அவர்களது மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்புகளும் நினைவு வல்லுநரின் பாங்கினை நோக்கி நகர்ந்தன எனக் காட்டிற்று.

இதற்கு மாறாகத் தோன்றும் சான்றையும் மறைத்தலாகாது. இந்தியாவில் இளமை தொட்டு வேதம் ஓதிப் பயின்ற 21 பண்டிதர்களின் மூளைகளை அவ்வாறு பயிலாத 21 பேரின் மூளைகளுடன் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. மொழியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் பண்டிதரிடம் தெளிவாகப் பருத்திருந்தன. இதனைக் கண்டவுடன் ‘பார்த்தீர்களா, மூளையே வேறு’ என முழங்குவோர் இருப்பர். ஆனால் ஒரு காலத்தில் மட்டும் எடுத்த படம், பயிற்சி மூளையை மாற்றியதா, அத்தகைய மூளையுடையோரே பயிற்சியில் நிலைத்து நின்றனரா எனச் சொல்லாது. இலண்டன் வாடகைக் கார்ச் சாரதிகள் பற்றிய ஆய்வு இங்குத் துணைபுரிகின்றது. அந்நகரின் தெருக்கள் யாவற்றையும் மனத்திற் கொண்டு தேர்வு எழுத முற்பட்ட 79 பேரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். தேறிய 39 பேரிடம், நினைவுக்கு இன்றியமையாததும் கடற்குதிரை வடிவினதுமான ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. தேறாதோரிடம் அவ்வளர்ச்சி இல்லை. தொடக்கத்தில் இரு சாராரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை என்பதே 2011இல் வெளியான இவ்வாய்வின் சிறப்பு. தேறியவர் சிலவகைப் புதிய உருவங்களை நினைவிற் கொள்வதிற் பின்தங்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளை ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றில் விலை கொடுக்கின்றது.

அந்த விலையை மிகக் கூர்மையாக உணர்த்துபவர் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா. 1920களில் செரெசெவ்ஸ்கி என்ற பத்திரிகை நிருபர் அவரிடம் அனுப்பப்பட்டார். ஆசிரியர் கூறும் எதனையும் குறித்துக்கொள்ளாமலே அவர் மீளக் கூறுவது வியப்பை விளைத்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் லூரியா அவரை அவதானித்து 1968இல் ஒரு சிறு நூல் எழுதினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட சொற்பட்டியலையும் செரெசெவ்ஸ்கி ஒப்புவித்தார். சொற்கள் அவருக்கு நிறமாகவும் சுவையாகவும் உருவாகவும் தோன்றின. அந்த உருவங்களே அவருக்குத் தடையுமாயின. ஒழுங்கான முறையில் ஏறிச் செல்லும் எண் வரிசையொன்றைக் கொடுத்தபோது, அதிலுள்ள ஒழுங்கைக் கவனியாமலே ஒவ்வோர் எண்ணையும் தனித்தனி உருவமாக மனனஞ் செய்தார். கவிதை படிக்கையில் ஒவ்வொரு சொல்லும் தன் உருவத்தை எழுப்பிப் பொருளை மறைத்தது. மறக்க முடியாமையே அவரது துன்பம். மறப்பதற்காகக் கடதாசியில் எழுதி எரித்துப் பார்த்தார். சதாவதானம் முற்றிலும் வேறு. ஈற்றடி கொடுத்தவுடன் பொருளமைந்த புதிய வெண்பாவை ஆக்க வேண்டிய அவதானிக்கு ஒழுங்கும் கருத்துமே அடிப்படை. இருவரையும் ‘அபார ஞாபகசக்தி’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு பொருந்தாதது!

நினைவு ஒருமையன்று என்பதை மருத்துவமும் உறுதிசெய்தது. 1953இல் வலிப்பு நோய்க்காக மூளைச் சத்திரசிகிச்சை பெற்ற ஹென்றி மொலெய்சன் புதிய நிகழ்ச்சிகளை மனத்திற் கொள்ளும் ஆற்றலை இழந்தார். ஆயினும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து உருவம் வரையும் கைத்திறனை, முன்னர் அதனைச் செய்த நினைவின்றியே, நாளுக்கு நாள் மேம்படுத்தினார் என பிரெண்டா மில்னர் காட்டினார். அறிந்ததைச் சொல்லும் நினைவு வேறு, செய்யப் பழகும் நினைவு வேறு. நம் பரீட்சைகள் முதலாவதையே அறியும்.

இனித் திண்ணைப் பள்ளிக்கு வருவோம். அங்கு நடந்தது வெறும் நெட்டுரு என்பது முற்போக்காளரிடையேயும் நிலவும் கருத்து. மணலில் எழுதி, எண்சுவடி சொல்லி, சட்டாம்பிள்ளை முறை சொல்லப் பிற பிள்ளைகள் பின்சொல்லிக் கற்ற அப்பள்ளியில் மனனம் கணக்கிடும் வழியாகவே இயங்கியது என்பதைச் செந்தில்பாபுவின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. நெல்லையும் நிலத்தையும் அளக்க வேண்டியவனுக்குக் கீழ்வாயிலக்கம் நாவில் இருந்தமை, தச்சனுக்கு உளி கையில் இருந்தமை போன்றது. இதனை மறுத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குவதும் எமக்கு உடன்பாடன்று. அத்திண்ணையில் எவர் ஏறலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

அச்சு வந்தபோது நினைவின் பணி மாறியது. 1822 என்னும் ஒரே ஆண்டிற் பிறந்த இருவர் இம்மாற்றத்தின் இரு முனைகளில் நிற்கின்றனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, உரைநடையிற் பாலபாடங்களை அச்சிட்டார். சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தம் மாணாக்கர் துணையுடன் தமிழாக்கினார். மூளையும் நரம்பும் இக்காலக் கருத்தில் தமிழெழுத்தில் ஏறியது அவ்வழியே. மனனஞ் செய்த நிகண்டின் இடத்தை 1842இன் மானிப்பாய் அகராதி போன்றவை பிடிக்கத் தொடங்கின. கதிரைவேற்பிள்ளையும் ஓர் அகராதி தொகுத்தார் என்பது இங்குப் பெரிதும் சிந்திக்கத்தக்கது. நூறு செய்திகளை மனத்திற் காத்துக் காட்டியவரே, எவரும் எதனையும் மனத்திற் காக்க வேண்டாத வண்ணம் சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தந்தார். தம் கலையின் எல்லையை அவர் நன்கு அறிந்திருந்தார் எனலாம். சென்னை வெஸ்லி கல்லூரியில் அவரிடம் பயின்ற திரு.வி.க., 1904இல் ஆசிரியரின் அருட்பா வழக்கிற் சாட்சி சொல்லச் சென்றமையாற் பரீட்சை எழுதாது விட்டார். தமிழ் உரைநடையை ஆளவந்தவர் சான்றிதழின்றியே ஆண்டார்.

அச்சு நினைவுச் சுமையை நீக்கியிருக்க வேண்டும். நடந்தது மறுதலை. மிஷனரிமாரின் ஞானோபதேச வினாவிடையும் அதற்கு எதிராக எழுந்த சைவ வினாவிடையும் ஒரே வடிவினவாய் அமைந்தன: வினா ஒன்று, விடை ஒன்று, அச்சிட்ட சொல் மாறாமல் ஒப்புவித்தல். யாப்பின் கட்டோ அளவையின் தேவையோ அங்கு இல்லை. உத்தியோகத்துக்கான பரீட்சை இவ்வடிவத்தைத் தன்வயப்படுத்தியது. மனனம் தன் கருவிகளை இழந்து அளவுகோலாக மாத்திரம் எஞ்சியது. இன்றைய ரியூட்டரியில் விற்கப்படும் ‘மாதிரி வினாவிடை’ திண்ணையின் வழித்தோன்றல் எனச் சிலர் கூறுவர். எமது கருத்தில் அது இவ்வினாவிடை மரபின் வழித்தோன்றல்.

இந்த அளவுகோல் பிறவி மூளையை அளப்பதாக நம்பப்பட்டபோது அது சமூக அநீதிக்கும் துணையாயிற்று. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு ‘படிப்பு ஏறாது’ என்று சொல்லிய சமூகமே, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் சமாசனத்தில் அமர்ந்து படிப்பதை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தது. ஏறாத படிப்புக்கு எதற்காகத் தீ? கல்வியறிவின்மை மூளையின் குறையன்று என்பதற்கு இன்று நேரடிச் சான்று உண்டு. வட இந்தியாவில் லக்னோவுக்கு அண்மைய கிராமங்களில் எழுத்தறியாத வளர்ந்தோர்க்கு ஆறு மாதங்கள் வாசிக்கக் கற்பித்து ஆராய்ந்தனர். அவர்களது மூளையின் மேற்பரப்பில் மாத்திரமன்றி ஆழத்திலுள்ள பழைய பகுதிகளிலும் மாற்றம் நிகழ்ந்ததென 2017இல் வெளியான அறிக்கை கூறுகின்றது.

லூரியாவும் இவ்விடயத்தில் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். 1931–32இல் உஸ்பெகிஸ்தானக் குடியானவரிடம், தூர வடக்கிற் கரடிகள் யாவும் வெண்மையானவை, இன்ன ஊர் தூர வடக்கில் உள்ளது, அங்குள்ள கரடி எந்நிறம் என அவர் வினாவினார். நான் பார்த்ததில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்பது போன்ற விடைகளே எழுத்தறியாதோரிடமிருந்து வந்தன. இதனை அவர் அருவச் சிந்தனையின் குறைவாகக் கொண்டார். காணாததைச் சாட்சி சொல்ல மறுக்கும் நேர்மையாகவும் அதனைக் கொள்ளலாம். லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆராய்ந்த ஸ்கிரிப்னரும் கோலும் 1981இல், இத்தகைய வேறுபாடுகளிற் பல எழுத்தறிவால் விளைந்தவையல்ல, பள்ளிக்கூடப் பழக்கத்தால் விளைந்தவை எனக் காட்டினர். எனினும் மனித மனத்தின் வளர்ச்சி சமூக வாழ்விலேயே நிகழ்கின்றது என்ற வைகோட்ஸ்கி–லூரியா மரபின் அடிப்படை இன்றும் வலுவுடனேயே உள்ளது.

இத்தனைக்கும் பின்னர் நமது நடைமுறை யாது? கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடும் மத்திய கல்லூரிகளோடும் 1940களில் வளர்ந்த புலமைப்பரிசில் முறை, ஏழைக் கிராமப் பிள்ளைக்குக் கதவு திறக்கும் நோக்கமுடையது. அந்த நற்பயனை மறுப்பதற்கில்லை. அதே பரீட்சை இன்று பத்து வயதில் வெட்டுப்புள்ளி இட்டுப் பிள்ளைகளைப் பிரிக்கும் கருவியாயிற்று. பெற்றோரின் அச்சத்தை முதலாகக் கொண்டு ‘வலது மூளை’, ‘நடுமூளை’ விழிப்பூட்டும் வகுப்புகளும் விலைபோகின்றன. மூளையின் இரு பாதிகளையும் ஆராய்ந்து 1981இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெரி, அவற்றை இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளரிடமே அவ்வேறுபாடுகளைக் கண்டார். அக்கற்றை செவ்வனே இருக்கும் பிள்ளையை ஒரு பாதியால் மட்டும் சிந்திப்பவனாக்குவது விஞ்ஞானமாகாது.

யுத்தம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கிற்று. போர் பாதித்த தமிழ்ப் பகுதிகளில் 420 மாணவரை ஆராய்ந்து எல்பேர்ட் முதலியோர் 2009இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் மரணம் போன்ற கொடுமைகளைக் கண்டவர்கள். நாலில் ஒருவர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தார். பாதிக்கப்பட்டோரின் நினைவுச் சோதனைப் பெறுபேறும் கல்விப் பெறுபேறும் தாழ்ந்திருந்தன. இடம்பெயர்ந்த கொட்டில்களிலும் அகதி முகாம்களிலும் இருந்து பரீட்சைக்குத் தோற்றிய அப்பிள்ளைகளின் புள்ளிகளில் எவ்வளவு அவர்களது திறமை, எவ்வளவு அவர்கள் கண்ட பயங்கரம் என்று எந்தப் பெறுபேற்றுத் தாளும் பிரித்துக் காட்டியதில்லை. அன்று ‘சித்தியடையாதோர்’ எனப் பதியப்பட்டவர்களிற் பலர் இன்று பெற்றோர்.

யுத்தத்தின் தொடர்பின்றியும் வேறுபட்ட மூளையுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்றுண்டு. கேட்டதை விளங்கும், தெளிவாகப் பேசும், கணக்கை வாயாற் சொல்லும், வாசிக்க மட்டும் இயலாது. டிஸ்லெக்சியா எனப்படும் இவ்வாசிப்பு இடர்ப்பாடு நம் மொழியில் எவ்வுருக் கொள்ளும் என்பது தனித்து ஆராயத்தக்கது. ‘கொ’ என்னும் எழுத்தில், க் என்ற ஒலிக்குப் பின் வரும் உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கின்றது. கண் செல்லும் வரிசையும் செவி கேட்கும் வரிசையும் ஒன்றல்ல. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரிதும் வேறுபடாமையால் எழுத்து வேறுபாட்டுக்குச் செவியின் துணை கிட்டாது. பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரம் இவற்றோடு சேர்கின்றது. ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 1896இல் இக்குறைபாட்டை முதன்முதலில் விவரித்தபோது எடுத்துக்காட்டிய பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி அவனது ஆசிரியர் கூறிய செய்தி எமது பொருளுக்கு நேராகப் பொருந்துவது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்பது அவ்வாசிரியரின் துணிபு. செவியாற் கேட்டு நாவாற் கற்ற திண்ணையில் அத்தகைய பிள்ளைக்கு இடமிருந்திருக்கலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் வினாத்தாள்கள் இரண்டும் வாசித்து எழுதி விடையளிக்க வேண்டியவை. வாயாற் சொல்லும் பகுதி எதுவும் அதில் இல்லை.